நாலாவதா யாரு எறங்குறது?

ஏம்மா, நாலாவதா யாரு எறங்கியிருக்கான்? மல்ஹோத்ராவா?

நெனச்சேன். அவனத்தான் எறக்குவானுகன்னு நெனச்சேன். நீ போனை மூடாத, நீ பாட்டுக்குப் பாரு. எனக்குக் காட்டாத, அவ்வளவுதான். நான் பாத்தா ரத்தக்கொதிப்பு ஏறும். ஏற்கெனவே ஏறித்தான் இந்த பஸ்ஸுல வந்து உக்காந்திருக்கேன். எவ்வளவு அடிச்சிருக்கான்? எத்தனை பந்துல?

பாத்தியா! இருபத்தாறு பந்துல ஒம்பது. பாதி ஆட்டம் தாண்டியாச்சு, எதிர்ல ரெண்டு சுழல் பந்து, ஒண்ணு ரெண்டா தட்டிவிட்டு ஓட வேண்டிய நேரம். இவன் பந்தை முட்டு முட்டுன்னு முட்டிட்டு நிக்கான். இவனுக்கு ஸ்டேடியம் பூராம் பேரைச் சொல்லிக் கத்துது. வெளங்குமா?

என் பேரு செண்பகவல்லி. கோவில்பட்டி. மின்வாரியத்துல இருந்து போன வருஷம்தான் ரிட்டையர் ஆனேன். நீ எங்க எறங்கணும்? சாத்தூரா? அப்பச் சரி. சாத்தூர் வர்ற வரைக்கும் நான் பேசுவேன். தப்பா நெனச்சுக்காத. இதை யாருகிட்டயாவது சொல்லலேன்னா மண்டை வெடிச்சிரும் எனக்கு. நீ ஆட்டம் பாக்குற பிள்ளையா இருக்க, ஒனக்குச் சொன்னாப் புரியும்.

இன்னைக்குக் காலைலதான் மதுரைக்கு வந்தேன். என் மக அனுசுயா வீட்டுக்கு. ஒரே மக. நாலு நாள் இருக்கலாம்னு சேலையெல்லாம் எடுத்துட்டு வந்தேன். இந்தா, பையப் பாரு, ஒண்ணு கூடப் பிரிக்கல. வந்த அன்னைக்கே திரும்பிப் போயிட்டிருக்கேன். யாரால? எங்க சம்பந்தி தங்கமாரியப்பனால. அவுகளாலயும், இந்த மல்ஹோத்ராவாலயும், தேர்வுக்குழுன்னு கோட்டு மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கானுகளே கண்ணில்லாத கபோதிக, அவனுகளாலயும்.

ஒனக்கு அருள்செல்வனைத் தெரியும்ல? தெரியும்னு சொல்லு. திண்டுக்கல்லுப் பையன். நம்ம பக்கத்துப் பையன்னு நான் தூக்கி வச்சுப் பேசல. அந்தப் புத்தி எனக்குக் கெடையாது. எவன் நல்லா ஆடுறானோ அவன் ஆடணும், அவ்வளவுதான். அவன் நாலாவதா எறங்கினான்னா ஆட்டம் தெரியும். சிக்ஸர் அடிச்சுட்டு மீசைய முறுக்குற ஆளு இல்ல. பந்து வரும், மெதுவா ஒரு தட்டு, ஒரு ஓட்டம். அடுத்தது ரெண்டு. பாத்துக்கிட்டே இருப்ப, அம்பது வந்திருக்கும். கைதட்டுறதுக்கு ஒருத்தன் இருக்க மாட்டான். ரெண்டு விக்கெட் சீக்கிரமா விழுந்துட்டா அவனைத் தவிர ஆளு கெடையாது. அவனைத் தூக்கி வெளிய போட்டுட்டானுக. ஏன்? வேகமா அடிக்கலையாம். இவன் அடிக்கானே, இருபத்தாறு பந்துல ஒம்பது, இது வேகமா?

கேப்டனும் மல்ஹோத்ராவும் சின்ன வயசுல இருந்து ஒண்ணா ஆடுனவனுகளாம். அதான் விஷயம். எனக்குத் தெரியாதா?

இருபது ஓவர் ஆட்டம் நான் பாக்க மாட்டேன். பாலைக் காய்ச்சி எறக்குறதுக்குள்ள முடிஞ்சிரும். எனக்கு ஒரு நாள் ஆட்டந்தான். எங்க வீட்டுக்காரர் போனப்ப அனுவுக்குப் பதினாறு வயசு. நெஞ்சு வலின்னு உக்காந்தாரு, எந்திரிக்கல. அவரு வேலையத்தான் எனக்குக் குடுத்தாக. வாரநாள்ல ஆபீஸுன்னு ஓடிரும். இந்த ஞாயித்துக்கிழமை இருக்கு பாத்தியா, அது நகராது. வாசல்ல போறவன் வர்றவன் எல்லாம் பாவம்னு பாத்துட்டுப் போவான். அப்பத்தான் டிவியப் போட்டேன். மத்தியானம் ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும் போகும். ஒரு நாளை அப்படியே தூக்கிட்டுப் போயிரும். மொதல்ல ஒண்ணும் புரியல. பெறகு பாத்துப் பாத்து, இப்ப ஃபீல்டிங் எங்க வச்சிருக்கான்னு பாத்தே அடுத்த பந்து எங்க விழும்னு சொல்லிருவேன்.

எங்க ஊரு ஆக்கி ஊரு. ஒனக்குத் தெரிஞ்சிருக்கும். கோவில்பட்டில தெருவுக்குத் தெரு ஆக்கி ஆடுவாக. எங்க வீட்டுக்காரரும் அதுல ஒரு பைத்தியம். அங்க கிரிக்கெட் பாக்குறவளே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். ஆபீஸுல நான் வாயைத் தொறந்தா ஆம்பளைக எல்லாம் சிரிப்பானுக. "மேடம், கிரிக்கெட்டுல நைட் வாட்ச்மேன்னா யாரு, சொல்லுங்க பாப்போம்"பானுக. பரீட்சை வைப்பானுக எனக்கு! ஒருத்தனுக்கும் ரன் ரேட்டு கணக்குப் போடத் தெரியாது.

அதனாலதான் எங்க சம்பந்திய எனக்கு அவ்வளவு பிடிச்சுச்சு. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நடந்ததைச் சொல்றேன் கேளு. ஹால்ல எல்லாரும் உக்காந்திருக்காக. டிவியில ஆட்டம் ஓடுது, சத்தத்தை மட்டும் கொறச்சு வச்சிருந்தேன். அவுக கேசரியக் கையில வச்சுக்கிட்டு, திரும்பிப் பாக்க வெக்கப்பட்டு, "ஸ்கோர் என்ன ஆச்சு?"ன்னு பொதுவாக் கேட்டாக. நான் அடுப்படியில இருந்தே சொன்னேன், "பத்து ஓவருல எம்பது வேணும் அண்ணாச்சி, கையில நாலு விக்கெட், ஆனா அடுத்த ஓவர் வேகப்பந்து போட மாட்டானுக, சுழல் பந்துதான் வரும், அடிச்சிரலாம்"னு. அடுத்த ஓவர் சுழல் பந்துதான் வந்துச்சு. அவுக கேசரித் தட்டைக் கீழ வச்சுட்டு எந்திரிச்சு அடுப்படி வாசலுக்கே வந்துட்டாக. "தங்கச்சி, பொண்ணு பாக்க வந்தோம், சம்பந்தியத்தான் மொதல்ல பிடிச்சுப் போச்சு"ன்னாக. எல்லாரும் சிரிச்சாக. அப்படித்தான் அமைஞ்சுச்சு அனு கல்யாணம்.

பெறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போன். எடைவேளையில ஒரு தடவை, முடிஞ்சதும் ஒரு தடவை. அவுக சம்சாரம் ராஜாத்தி மதினி கூட, "எங்கிட்ட ஒரு வருஷத்துல பேசுறத ஒங்ககிட்ட ஒரு ஆட்டத்துல பேசிருதாக"ன்னு சொல்லிச் சிரிப்பாக. நல்ல மனுஷிதான். என் பேச்சை ஒரு ஆம்பளை காது குடுத்துக் கேட்டது அதுதான் மொதல் தடவைன்னு வச்சுக்கோயேன். எங்க வீட்டுக்காரர் நல்லவருதான், ஆனா கேக்க மாட்டாரு.

எல்லாம் அருள்செல்வனைத் தூக்குன அன்னைக்குக் கெட்டுச்சு.

டீம் சொன்னானுக, அவன் பேரு இல்ல. நான் ஒடனே அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். துக்க வீட்டுக்குப் போன் போடுற மாதிரிதான் போட்டேன். அவுக என்ன சொன்னாக தெரியுமா? "சரியான முடிவுதான் தங்கச்சி. மல்ஹோத்ரா பெரிய ஆட்டத்துக்கு வேணும்." எனக்குக் காதே அடைச்சுப் போச்சு. மல்ஹோத்ராவா? ரெண்டு வருஷமா அவன் ஒரு பெரிய ஆட்டத்துல நின்னிருக்கானா? கேட்டேன். "அனுபவம் இருக்கு, பொறுமையா இருக்கணும்"னாக. எங்களுக்குள்ள ஒரு குடும்ப வாட்ஸப் குழு இருக்கு. பொறந்த நாளுக்குப் பூப்போட்ட படம் அனுப்புற குழு. அதுல நான் போட்டேன், அருள்செல்வன் ஆட்டத்தையும் மல்ஹோத்ரா ஆட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு. அவுக பதில் போட்டாக, "பொம்பளைங்களுக்குப் பாசந்தான் முன்னால வருது, ஆட்டம் பின்னாலதான்"னு. சிரிக்கிற பொம்மை வேற போட்டிருந்தாக.

பாசமா? நான் விடல. எழுதிட்டேன், "ஒங்க மல்ஹோத்ராவுக்குத்தான் பாசம் அண்ணாச்சி, கேப்டனோட பாசம்"னு. மாப்பிள்ளையோட பெரியப்பா வந்தாரு, சித்தப்பா வந்தாரு, கத்தாருல இருந்து யாரோ ஒரு மச்சான் வந்தான். அம்புட்டுப் பேரும் எனக்குப் பாடம் எடுத்தானுக. ஒருத்தன் எழுதுறான், "அத்தை, நீங்க சீரியல் பாருங்க"ன்னு. அனு போன் பண்ணினா. "அம்மா, கையெடுத்துக் கும்புடுறேன், பேசாம இரு. நான் இந்த வீட்டுலதான் இருக்கேன்"னா. நான் கேட்டேன், "ஏன், மாமனார் ஒன்ன ஏதும் சொன்னாகளா?" "சொல்லல. அவுக சொல்ல மாட்டாக. எனக்குத்தான் அசிங்கமா இருக்கு"ன்னா. எனக்கு அசிங்கமா இல்லையா? நியாயம் பேசுனா அசிங்கமா?

குழுவுல இருந்து வெளிய வந்துட்டேன். மூணு மாசம் அண்ணாச்சியோட பேச்சில்ல.

இன்னைக்கு ஏன் போனேன்னு கேக்குறியா? ராஜாத்தி மதினி கூப்பிட்டாக. "அந்த மனுஷன் தனியா உக்காந்து ஆட்டம் பாக்காக, பேச்சுத் தொணைக்கு ஆளில்லாம வாடிப்போய்க் கெடக்காக, வாங்க மதினி"ன்னாக. சரி, பெரியவங்க, விட்டுக் குடுப்போம்னுதான் போனேன். நல்லாத்தான் இருந்துச்சு மொதல்ல. "வாங்க தங்கச்சி"ன்னு எந்திரிச்சு நின்னாக. கறிச்சோறு. பக்கத்துல நாற்காலி போட்டுக் குடுத்தாக. அம்பது ஓவரும் பாத்துட்டுப் பேசுவோம்னாக. நானும் வாயைத் தொறக்கல. டாஸ் போட்டாச்சு. பதினொரு பேரு வந்துச்சு. அருள்செல்வன் இல்ல. சரின்னு விட்டுட்டேன். மனசைக் கல்லாக்கிட்டேன்.

பெறகு நம்ம ஆளுக பந்து போட்டுக்கிட்டிருக்கையில தண்ணி குடிக்க நிறுத்துனானுக பாத்தியா. நாலு பாட்டிலை மாருல அணைச்சுக்கிட்டு ஒருத்தன் ஓடி வாரான். கேமரா கிட்ட போகுது. அருள்செல்வன்! அந்தப் பிள்ளை மொகத்தப் பாக்கணுமே நீ. சிரிக்கான். பாட்டிலை நீட்டிட்டு, துண்டைக் குடுத்துட்டு, மல்ஹோத்ரா முதுகுல தட்டிக் குடுத்துட்டு ஓடுறான். சிரிக்கான்மா அவன்.

அதுக்கு மேல எனக்குத் தாங்கல. "இது அநியாயம் அண்ணாச்சி"ன்னேன். மெதுவாத்தான் சொன்னேன். அவுக, "டீமுல இருக்கான்ல தங்கச்சி, நேரம் வரும்"னாக. "எப்ப வரும்? காலு தேஞ்ச பெறகா?"ன்னேன். "ஒரு ஆளு நாலு ஆட்டம் சரியா ஆடலேன்னா தூக்கிப் போட்டுற முடியுமா, நம்பிக்கை வைக்கணும்"னாக. "நம்பிக்கை இவன் மேல மட்டுந்தான் வப்பீகளா? அவன் என்ன பாவம் செஞ்சான்?"ன்னேன். சத்தம் கூடிப்போச்சு. எனக்கும் கூடிருச்சு, அவுகளுக்கும் கூடிருச்சு. மாப்பிள்ளை பொன்ராம் உள்ள இருந்து வந்து டிவி சத்தத்தைக் கொறச்சாரு, என்னமோ டிவிதான் சண்டை போடுற மாதிரி. நான் எந்திரிச்சு நின்னுட்டேன். நின்னு சொன்னேன், "நல்லா ஆடுற பிள்ளைய, ஆடுற வயசுல, வெளிய உக்கார வைக்கிறான் பாருங்க, அவன் எவனா இருந்தாலும் வெளங்க மாட்டான். அந்தப் பிள்ளை வயித்தெரிச்சல் அவனைச் சும்மா விடாது."

அனு அப்பளத் தட்டோட அங்கதான் நின்னுட்டிருந்தா. தட்டை டிவி மேசையில வச்சா. "அம்மா, இதை நீ சொல்லாத"ன்னா.

எனக்கு வந்த ஆத்திரம்! "ஏன்டி, பொம்பளை சொல்லக் கூடாதா?"ன்னேன்.

"பொம்பளை சொல்லலாம். நீ சொல்லாத. என் ஆக்கி ஸ்டிக்கைப் பரண் மேல தூக்கிப் போட்டது யாரும்மா?"ன்னா.

டிவியில என்னமோ விளம்பரம் ஓடுது.

நீயே சொல்லு. இந்தியா டீமுக்கு ஆளெடுக்கிறதும், நான் என் மகளை வளத்ததும் ஒண்ணா? அது வேற, இது வேற. அனு ஆக்கி ஆடுவா. பள்ளிக்கூடத்துல ஆடுனா. அவ அப்பா கத்துக் குடுத்தது. அந்த பி.டி. சார் வீட்டுக்கே வந்தாரு, "மாநில முகாமுக்குக் கூப்பிட்டிருக்காக, விடுதியில தங்கிப் படிச்சுக்கிட்டே ஆடலாம், அனுப்புங்க"ன்னு. எங்க வீட்டுக்காரர் போயி ஒரு வருஷங் கூட ஆகல அப்ப. அப்பா இல்லாத பொம்பளப் பிள்ளை. அரை டவுசர் போட்டுக்கிட்டு, மொழங்காலெல்லாம் ரத்தம், இருட்டுன பெறகு கிரவுண்டுல இருந்து வருவா. தெருவுல பேசுவாக. பன்னெண்டாவது பரீட்சை வேற. நான் ஒத்தையில என்ன செய்ய? வேண்டாம்னேன். ஸ்டிக்கை எடுத்துப் பரண் மேல போட்டேன். அவளும் ஒண்ணும் சொல்லல. அழக் கூட இல்ல. படிச்சா, கம்ப்யூட்டர் டீச்சர் ஆனா, நல்ல எடத்துல குடுத்தேன். இதுல என்ன கொறை? எந்தக் கோட்டுப் போட்டவன் இதுல வாரான்?

அதைத்தான் சொன்னேன் அங்கயும். "அது வேறடி"ன்னேன். அவ உள்ள போயிட்டா.

பெறகுதான் இருக்கு. அண்ணாச்சி எந்திரிச்சுப் போயி டிவிய அமத்தினாக. ஆட்டம் ஓடிக்கிட்டிருக்கு, அமத்திட்டாக! அந்த மனுஷன் ஆட்டத்தை அமத்தி நான் பாத்ததில்ல. அவுக அறைக்குள்ள போனாக, வந்தாக. கையில ஒரு ஆக்கி ஸ்டிக். புதுசு. பிடிக்கு நீலக் கலர்ல டேப் சுத்தியிருக்கு. "தங்கச்சி, ஒங்ககிட்டச் சொல்லாம வச்சிருந்தோம். மருமக ஆறு மாசமா ஆடுது. இங்க பொம்பளைங்க டீம் ஒண்ணு இருக்கு. காலைல நான்தான் வண்டியில கொண்டுபோய் விடுறேன்"னாக.

ஆறு மாசம்! நெனச்சுப் பாரு. விடியுறதுக்குள்ள எந்திரிச்சு மருமகளை ஸ்கூட்டர்ல பின்னால உக்கார வச்சுக்கிட்டுக் கிரவுண்டுக்குப் போறாராம். அவ ஓடுற வரைக்கும் ஓரமா நின்னு தண்ணி பாட்டிலைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாராம். ராஜாத்தி மதினிக்குத் தெரியும். மாப்பிள்ளைக்குத் தெரியும். கத்தார் மச்சான் வரைக்கும் தெரிஞ்சிருக்கு. பெத்தவளுக்குத் தெரியல. ஆட்டத்துக்கு ஆட்டம் என்கிட்டப் போன்ல பேசுன மனுஷன், ஒரு வார்த்தை சொல்லல. மல்ஹோத்ராவுக்கு முட்டியில வலின்னா அதைச் சொல்லுவாக. என் மக ஆக்கி ஆடுறாங்கிறத சொல்ல மாட்டாக!

உள்ள போயிக் கேட்டேன் அனுகிட்ட. "ஏன்டி மறைச்ச?" பாத்திரம் வெளக்கிட்டிருந்தா. திரும்பல. "சொன்னா நிறுத்திருவ"ன்னா.

நிறுத்திருவேனாம்.

பையைத் தூக்கிட்டேன். ராஜாத்தி மதினி கையைப் பிடிச்சாக, உதறிட்டு வந்துட்டேன். மாப்பிள்ளை படி எறங்கி வாசல் வரைக்கும் வந்தாரு. "அத்தை, நாளைக்குக் காலைல மேட்ச் இருக்கு. இருந்து பாத்துட்டுப் போங்க. அவ வாய்விட்டுக் கேக்க மாட்டா"ன்னாரு. எனக்குக் கேஸ் சிலிண்டர் வருதுன்னு சொன்னேன். வரல. சும்மா சொன்னேன். மாடியில இருந்து அண்ணாச்சி குனிஞ்சு சொன்னாக, "இருங்க தங்கச்சி. ஆனா நாளைக்கு எறக்குவாங்களான்னு தெரியல. சப்ஸ்டிடியூட்டாத்தான் வச்சிருக்காக. பரவாயில்ல, நேரம் வரும்"னு. நான் நிமிந்து கூடப் பாக்கல. ஆட்டோவுல ஏறிட்டேன்.

என்ன ஊரு இது, கள்ளிக்குடியா? இன்னும் விருதுநகர் வரலையா. நீ பாரும்மா, ஒன் ஆட்டத்தைப் பாரு. நான் பேசிப் பேசி ஒன்னைக் கெடுத்துட்டேன்.

சப்ஸ்டிடியூட்டாமே.

இல்ல, ஒண்ணுமில்ல. அந்த வார்த்தைதான் இப்ப ஞாபகம் வந்துச்சு. சப்ஸ்டிடியூட்டுன்னு சொன்னாக பாத்தியா. அங்க நிக்கும்போது எனக்கு மண்டையில ஏறல. அனுவ வெளிய உக்கார வச்சிருக்காகளா? அனுவையா? அந்த எடத்துல யாரு ஆடுறா? மதினி முன்னாலயே ஒரு வார்த்தை சொன்னாக, டீமுன்னு கூடச் சொல்லல, "அனு சிநேகிதிக எல்லாம் அந்தக் கோச்சோட கொழுந்தியாளைத்தான் தூக்கி வச்சுப் பேசுதாளுக"ன்னு. என்ன சிநேகிதிகளோன்னு விட்டுட்டேன். இப்பல்ல வெளங்குது, அனு எடத்துல ஆடுறது அவதான்னு. கொழுந்தியா! எங்க போனாலும் இதே கதைதானா?

ஒனக்கு ஆக்கி தெரியுமா? தெரியாதா. நடுவுல ஒருத்தி நிப்பா, சென்டர் ஹாஃப்னு பேரு. கோல் போடுற ஆளு இல்ல அவ. பேப்பர்ல பேரு வராது. ஆனா எதிராளி எங்கிட்டு வந்தாலும் அவளத் தாண்டித்தான் வரணும். பந்தைப் பறிச்சு, தலைய நிமித்திப் பாத்து, எவ சும்மா நிக்காளோ அவளுக்குத் தள்ளி விடணும். அனு ஆடுறத நான் பாத்திருக்கேன். அவளுக்குத் தெரியாது. ஆபீஸு விட்டு வரும்போது கிரவுண்டுச் சுவரு ஓரமா நின்னு பாத்தேன், அவ பதினொண்ணாவது படிக்கையில. தூத்துக்குடிப் பிள்ளைக டீமு, ஒவ்வொருத்தியும் இவளவிட ஒரு அடி ஒசரம். ஒருத்தி பந்தை உருட்டிக்கிட்டு நேரா வாரா, ரெண்டு பேரத் தாண்டிட்டா. அனு ஓடல. நின்னா. அவ வர்ற வரைக்கும் நின்னா. கிட்ட வந்ததும் குனிஞ்சு ஸ்டிக்கைத் தரையோட தரையா ஒரு நீட்டு நீட்டுனா பாரு, பந்து இவகிட்ட இருக்கு, அந்தப் பொண்ணு வெறுங்கையா ஓடிக்கிட்டிருக்கா. சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன் நான். அவ அப்பா பாக்கலையேன்னு இருந்துச்சு. யாருகிட்டயும் சொல்லல அதை. ஒன்கிட்டத்தான் சொல்றேன்.

அந்தப் பிள்ளைய வெளிய உக்கார வைக்கிறானா ஒருத்தன்? இவரு, "பரவாயில்ல, நேரம் வரும்"னு தலைய ஆட்டிக்கிட்டு ஓரமா நிக்காராக்கும்! இந்த மனுஷனுக்கு ஆட்டம் தெரியாதுன்னு நான் சொன்னது சரியாப் போச்சா இல்லையா? ஸ்டிக் வாங்கிக் குடுத்தாப் போதுமா? வண்டியில கொண்டுபோயி விட்டாப் போதுமா? அந்தக் கோச்சைப் பிடிச்சு, "ஏன்யா எறக்கல?"ன்னு ஒரு கேள்வி கேக்க வேண்டாமா? கேக்க மாட்டாரு. பொறுமையாம். அவளுக்கு இப்ப இருபத்தெட்டு. ஓடுற காலு இன்னும் எத்தனை நாளைக்கு ஓடும்? ஏற்கெனவே பதினோரு வருஷம் வீணாப் போயிருச்சு அவளுக்கு.

என்ன கேட்ட?

யாராலயா?

வண்டி விருதுநகர் ஸ்டாண்டுக்குள்ள போகும்ல? ஏ கண்டக்டர் தம்பி, உள்ள போவீகளா? நான் எறங்கணும். கோவில்பட்டிக்குத்தான் டிக்கெட் எடுத்தேன், இருக்கட்டும், எனக்கு இங்கதான் எறங்கணும். மிச்சக் காசெல்லாம் ஒண்ணும் வேண்டாம்ப்பா, நீ நிறுத்து, போதும்.

இந்தா, அந்தப் பையை எடுத்துக் குடும்மா. கனமா இருக்கும், பாத்து. மதுரை வண்டி ஒடனே கெடைக்கும்ல? கெடைக்கும். நான் ஒண்ணும் யாருகிட்டயும் போயித் தாழ்ந்து நிக்கப் போகல, தெரிஞ்சுக்கோ. காலைல அவளுக்கு முன்னால நான் கிரவுண்டுல நிப்பேன். அந்தக் கோச்சு வரட்டும். எதுக்கு ஒன் கொழுந்தியா, என் மகளை எறக்கிப் பாருய்யான்னு கேக்குறேன். எல்லாரும் பாக்கக் கேக்குறேன். அனு என்னைப் பாத்து, இங்க எதுக்கு வந்தன்னு கேட்டாக் கேக்கட்டும்.

கொஞ்சம் காலை மடக்கும்மா, வழி விடு.